அதிபர் ஊடாக

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினொராந் திகதி, செவ்வாய்க்கிழமை, காலம பத்தேகால் போல, வம்மிக்குடா வித்தியாலயத்துட அதிபர் தங்கராசா சேர்ர நெஞ்சுக்குள்ளால ஒரு கடிதம் போச்சுது. சட்டைப் பொக்கற்றுக்கு ரெண்டு விரல் கீழால நுழைஞ்சு, முதுகுப் பக்கத்தால வெளிய வந்து, கதிரைக்குப் பின்னால நிலத்தில விழுந்தது. ரெத்தம் ஒரு சொட்டும் வரல்ல, சேருக்கு நோகவும் இல்ல. தேத்தண்ணி கொண்டு வந்த பியோன் பாத்த கணக்குக்கு ஓட்டை ஒம்பது அங்குல நீளம், நாலு அங்குல அகலம், ஓரமெல்லாம் பிளேட்டால வெட்டின மாதிரி நேர். அதாவது நீளக் கவர் ஒண்டுட அளவு. கவரைக் குடுத்த பொம்பிள மேசைக்கு இங்கால நிண்டா. அவட பேர் சுலோஜனா, பாசிக்குடாவில ஒரு ஹோட்டல்ல கட்டில் விரிப்புத் தோய்ச்சு அயன் பண்ணுற வேல. அவ அந்த ஓட்டைக்குள்ளால அங்கால சுவரில ஒட்டிக் கிடந்த நேரசூசியைப் பாத்து, வியாழக்கிழமை மூண்டாம் பாடம் விஞ்ஞானம் எண்டு வாசிச்சா. மறுகா குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போயிட்டா.

கடிதத்தில என்ன எழுதியிரிந்ததோ அதைத்தான் கடிதம் செஞ்சது. தலைப்பில அதிபர் ஊடாக எண்டு கிடந்தது, அது அதிபர் ஊடாகப் போச்சுது. இதுக்கு வேற விளக்கம் ஆரும் சொல்லவும் இல்ல, ஊரில ஆரும் கேக்கவும் இல்ல. எப்பிடி அந்தத் தலைப்பு வந்தது எண்டதத்தான் ஒழுங்காச் சொல்லணும், திகதி ஒண்டு பிழைச்சாலும் மறுகா ஒராள் அதையே பிடிச்சுக்கொண்டு மிச்சமெல்லாம் பொய் எண்டுவார்.

சுலோஜனாட ஒரே மகள் கம்சாயினி. தகப்பன் சுதாகரன் கட்டார்ல. கம்சாயினி அந்தப் பள்ளிக்கூடத்தில மாணவத் தலைவி, கணினி அறைத் திறப்பு அவட பொறுப்பு. 2024 பெப்ரவரியில தங்கராசா சேர் அந்தத் திறப்பை ஒரு வெள்ளிக்கிழமை வாங்கி, பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டரைத் தன்ட மச்சான்ட மகள்ர கலியாணத்துக்குக் கொண்டு போனவர், மாப்பிள பொம்பிளட சின்ன வயசுப் போட்டோவெல்லாம் மண்டபத்துச் சுவரில காட்டுறத்துக்கு. அங்க ஆரோ ஒரு போத்தல் நெக்டோ சோடாவ அதுக்கு மேல கவிட்டுப்போட்டாங்க. பெப்ரவரி 26, திங்கக்கிழமை, காலைக்கூட்டத்தில, நானூத்திப் பன்னிரெண்டு புள்ளைகளுக்கு முன்னால, சேர் கம்சாயினிய மேடைக்குக் கூப்பிட்டு, அவட பட்ஜை கழட்டி, மைக்கில கள்ளி எண்டு சொன்னார். அதே சொல்ல நல்ல தமிழாக்கி லொக் புத்தகத்திலயும் எழுதினார். ஓ-லெவல் முடிஞ்சு விடுகைப் பத்திரம் குடுக்கிற நேரம், நடத்தை எண்ட கட்டத்தில பாடசாலை உடைமையைக் களவாடியவர் எண்டு எழுதி, சீல் வச்சு, கையெழுத்தும் போட்டுக் குடுத்தார். அந்தக் கையெழுத்து வடிவான கையெழுத்து.

வம்மிக்குடாவில உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்ல. டவுனில ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் கம்சாயினிய தற்காலிகமாச் சேத்துக்கொண்டது. ஒக்டோபர் 31க்கிடையில ஒழுங்கான விடுகைப் பத்திரம் வந்தா இரிக்கலாம், இல்லாட்டிப் போகணும் எண்டு அங்கத்த அதிபர் முகத்துக்கு நேரயே சொல்லிட்டா. சுலோஜனாக்குப் பத்திரம் மட்டும் காணாது. அந்தச் சொல்லு எந்த மேடையில, எந்த மைக்கில, எந்த வாயால வந்ததோ, அந்த மேடையில, அந்த மைக்கில, அந்த வாயாலயே திரும்ப எடுபடணும். அவ இத ஆரோடயும் சத்தம் போட்டுச் சொல்லல்ல. சுதாகரன் கட்டார்ல இருந்து விடுடி, அதிகாரிமாரோட கொழுவாத எண்டு சொன்னப்போ, நீங்க அங்க உங்கட வேலையப் பாருங்க, இஞ்ச வேல நான் பாக்கிறன் எண்டு போனை வச்சிட்டா.

முதல்ல மார்ச் மாசம் கையால ஒரு கடிதம் எழுதி சேர்ர மேசையில வச்சவ. சேர் அத வாசிக்காமக் கசக்கிக் குப்பைக்குள்ள போட்டார். மறுகா அதே கடிதத்தத் திரும்ப எழுதி, பஸ் ஏறி, நேர வலயக் கல்விக் கந்தோருக்குக் கொண்டு போனா. ரெண்டரை மாசத்துக்குப் பிறகு அது திரும்பி வந்தது. முறையான வழியூடாகச் சமர்ப்பிக்கவும் எண்டு சிவப்பு மையில ஒரு வரி. அவ கந்தோருக்கே போய்க் கேட்டா. அங்க இரிந்த கிளார்க் நல்ல மனிசன்தான், பொறுமையா விளங்கப்படுத்தினார். அதிபருக்கு எதிரான முறைப்பாடெண்டாலும் அதிபர் ஊடாகத்தான் கோட்டக் கல்விக் கந்தோருக்கு வரணும், கோட்டம் ஊடாகத்தான் வலயத்துக்கு வரணும், வலயம் ஊடாகத்தான் மாகாணத்துக்குப் போகணும். "கள்ளனப் பிடிக்கச் சொல்லிக் கள்ளன்ட கையிலயே கடிதம் குடுக்கச் சொல்றீங்களோ?" எண்டு சுலோஜனா கேட்டதுக்கு, "நான் சொல்லல்ல அக்கா, சுற்றுநிருபம் சொல்லுது" எண்டார்.

ஓட்டமாவடிச் சந்தியில நௌஷாட் நானாட கொமினிகேசன். போட்டோ கொப்பி, தட்டச்சு, கடவுச்சீட்டுப் படம், ரீலோட் எல்லாம் அங்க நடக்கும். நானாக்கு அம்பது வயசுக்கு மேல, கச்சேரிக்கும் கந்தோருக்கும் கடிதம் எழுதி எழுதியே ரெண்டு மகளக் கட்டிக் குடுத்தவர். அவர்தான் அந்தத் தலைப்பைப் போட்டவர். பேரெல்லாம் போட வேணாம் புள்ள, பதவி மட்டும் போடுவம், பேர் போட்டா தனிப்பட்ட கோவம் எண்டுருவாங்க எண்டு சொல்லி, இடப்பக்கத்தில அதிபர் ஊடாக எண்டு தடிச்ச எழுத்தில அடிச்சு, அதுக்குக் கீழ ஒரு கோடும் இழுத்தார். இருவது வருசமா அவர் அடிச்ச எல்லாக் கடிதத்திலயும் அந்த வரி கிடந்தது, ஒண்டும் ஆரையும் துளைச்சதில்ல. இந்தக் கடிதம் துளைச்சது. சுலோஜனா அண்டைக்குப் பின்னேரம் நடந்ததச் சொன்னப்போ நானா பிரதிய எடுத்து ஒருக்கா வாசிச்சிட்டு, "எழுத்துப் பிழை ஒண்டும் இல்லையே?" எண்டுதான் கேட்டார்.

தங்கராசா சேர் நிலத்தில விழுந்த கடிதத்த எடுத்து மேசை லாச்சிக்குள்ள போட்டார். ஆஸ்பத்திரிக்கும் போனார். டொக்டர் ஓட்டைக்கு இந்தப் பக்கம் டோர்ச் அடிச்சு அந்தப் பக்கம் பாத்து, பிரஷரும் சீனியும் அளந்து, ரெண்டும் அளவா இரிக்கு எண்டு சொல்லி, பனடோல் எழுதிக் குடுத்தார். ஓட்டை மூடல்ல. அடுத்த செவ்வாய் சுலோஜனா ரெண்டாம் கடிதத்தோட வந்தா. இது முதல் ஓட்டைக்கு மூண்டு அங்குலம் கீழால போச்சுது. சேர் அதையும் லாச்சிக்குள்ள போட்டார். அதுக்கடுத்த செவ்வாய் சேர் சட்டைக்குள்ள கூரைத் தகரத் துண்டொண்டு வச்சுக்கொண்டு இரிந்தார், கடிதம் தகரத்தையும் ஊடாகப் போச்சுது. கையில வாங்க மாட்டன் எண்டு கைய முதுகுக்குப் பின்னால கட்டினப்போ, சுலோஜனா பதிவுத் தபாலில போட்டா. தபால்காரன் கையெழுத்து வைங்க சேர் எண்டு பேனையக் குடுத்தான், சேர் வச்ச கையெழுத்துக் காயிறத்துக்கு முன்னம் கவர் முதுகால வெளிய வந்திட்டு. சேர் கோயிலடிக்குப் போய்க் கட்டாடியாரிட்ட நூல் கட்டினார். கட்டாடியார் நூலக் கட்டிப்போட்டு, பேய் பிசாசெண்டா எனக்கு விடுங்க, கந்தோர் அலுவலுக்கு இது வேல செய்யுமெண்டு நான் சொல்ல மாட்டன் எண்டு முன்னமே சொல்லித்தான் அனுப்பினவர்.

சுலோஜனாக்கு அந்த நாளையில நல்ல சந்தோசம், அத மறைச்சுச் சொல்றதில அர்த்தமில்ல. திங்கக்கிழமை வேல முடிஞ்சு ஓட்டமாவடியில இறங்குவா. நானா கண்டவுடன, "என்ன புள்ள, இந்தக் கிழமையும் சேர்ர நெஞ்சோ, இல்லாட்டி வயித்துப் பக்கம் பாப்பமோ?" எண்டு கேப்பார். அவ சிரிக்க மாட்டா, கடிதத்தில ஒரு சொல்லும் மாத்தவும் விட மாட்டா. ஏழாவது கிழமை நீளக் கவர் முடிஞ்சு போச்சு, பெரிய மண்ணிறக் கவர்தான் கிடக்கு, அது ஒரு ஃபூல்ஸ்காப் தாள மடிக்காம வைக்கிற கவர், வேணுமோ எண்டு நானா கேட்டார். சுலோஜனா அந்தக் கவரக் கையில எடுத்து, விரிப்ப அளக்கிற மாதிரி சாண் வச்சு அளந்து பாத்தா. "பாவமெண்டு நினைக்கிறியோ?" எண்டார் நானா. "இல்ல நானா, இத விடப் பெரிசு இல்லையோ எண்டு யோசிக்கிறன்" எண்டா. அந்தக் கவர் சேர்ர தொப்புளுக்கு மேலால போச்சுது. ஊர்ப் புள்ளைகள் அவருக்கு யன்னல் சேர் எண்டு பேர் வச்சிட்டுதுகள். கச்சான் காத்து அடிக்கிற நாளையில சேர் ஒழுங்கையால சைக்கிள்ள போனா புல்லாங்குழலும் இல்லாம சங்கும் இல்லாம நடுவில ஒரு சத்தம் வரும், நாய்கள் குரைக்கும்.

கம்சாயினி மட்டும் ஒரு தரம் சோறு தின்னேக்க கேட்டா, "அம்மா, அவருக்குக் குளிராதா?" எண்டு. "உன்ன மேடையில வச்சிரிந்த நேரம் உனக்குக் குளிர்ந்ததா?" எண்டு தாய் கேட்டா. கம்சாயினி யோசிச்சு, "வேர்த்தது" எண்டா. அதோட அந்தக் கதை முடிஞ்சது. ஆனா கடிதம் ஒண்டும் மேல போகல்ல. பதினொரு செவ்வாய், பதினொரு ஓட்டை, லாச்சிக்குள்ள பதினொரு கடிதம். ஆவணி மாசமும் வந்திட்டு. டவுன் பள்ளிக்கூடத்தில கம்சாயினி இன்னும் தற்காலிகக் கொப்பியிலதான் பேர் எழுதிக்கொண்டு இரிந்தா, இடாப்புக் கூப்பிடேக்க அவட பேர் கடைசியா, பென்சிலால.

ஓகஸ்ட் 21ந் திகதி தங்கராசா சேர் மருத்துவ லீவில போனார். சுலோஜனாக்கு அது தெரியாது, அவ அந்தக் கிழமை ஹோட்டல்ல ஒரு வெள்ளக்காரக் கூட்டம் வந்து ரெட்டை வேல. 27ந் திகதி பன்னிரெண்டாவது கடிதத்தப் பதிவுத் தபாலில போட்டா. பள்ளிக்கூடத்தில பதில் அதிபரா இரிந்தது யசோதினி ரீச்சர். அண்டைக்கு மேடையில பட்ஜை கழட்டின நேரம், சேர் இது பிழை எண்டு எழும்பி நிண்டு சொன்ன ஒரே ஆள் அவதான், அதுக்காக ஒரு தவணை முழுக்க சின்ன வகுப்புக்குத் தள்ளப்பட்டவ. கடிதம் அவட இடத் தோளுக்குக் கீழால போச்சுது.

செய்தி வந்தவுடன சுலோஜனா அயன்பொட்டிய விரிப்பில வச்சது வச்சபடி ஓடினா, அந்த விரிப்பு எரிஞ்சு போச்சு. யசோதினி ரீச்சர் கந்தோர்க் கதிரையில இரிந்து, அந்த ஓட்டைக்குள்ள ஒரு விரல விட்டுப் பாத்துக்கொண்டு இரிந்தா. சுலோஜனா வாசல்லயே நிண்டா, உள்ளுக்கு வரப் பயம். "ரீச்சர், நான் உங்களுக்கு எழுதல்ல."

"எனக்கு எழுதல்லதான். அதிபருக்கு எழுதியிரிக்கீங்க. இந்தக் கதிரையில ஆரு இரிந்தாலும் அதிபர்தானே, கடிதத்தில பிழையில்ல."

"நோகுதா ரீச்சர்?"

"இல்ல. காத்து நல்லா வருது. இந்தக் கந்தோருக்க காத்தாடி வேல செய்யாதெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே" எண்டு சொல்லிப்போட்டு ரீச்சர் கடிதத்த நிலத்தில இருந்து எடுத்தா, முழுக்க வாசிச்சா, அடியில மேலனுப்பப்படுகிறது எண்டு எழுதி, கையெழுத்து வச்சு, சீல் குத்தி, அப்பவே பியோனக் கூப்பிட்டுக் கோட்டக் கந்தோருக்குக் கொண்டுபோகச் சொன்னா. பியோன்ட மோட்டர்சைக்கிள் கேற்றத் தாண்டின நேரம் ரீச்சர்ர தோளில ஓட்டை மூடினது. அம்மைப்பால் குத்தின தழும்பு மாதிரி ஒரு கோடு மட்டும் மிஞ்சினது. ரெண்டு பொம்பிளையளும் அந்தக் கோட்டப் பாத்தாங்க. கடிதம் போனதால ஓட்டை கிடக்கல்ல, கடிதம் போகாததாலதான் கிடக்குது எண்டு அப்பத்தான் விளங்கினது. தங்கராசா சேர் பதினொரு தரத்தில ஒரு தரமாவது லாச்சிக்குப் பதிலா ஒரு வரி எழுதியிரிந்தா, அவர்ர சட்டை இண்டைக்கும் முழுசா இரிந்திரிக்கும்.

சுலோஜனா அதோட நிண்டிரிக்கலாம், நிக்கல்ல. ஆனா அண்டையில இருந்து ஒரு கடிதத்திலயும் பதவிய மட்டும் போட விடல்ல, பேர், பதவி, வீட்டு விலாசம் மூண்டும் போடச் சொன்னா. ரீச்சர் மேலனுப்பின கடிதம், தலைப்பில கோட்டம் ஊடாக எண்டு ரெண்டாவது வரியும் கிடந்ததால, கோட்டக் கல்விப் பணிப்பாளர்ர வயித்தால போனது. அவர் பயந்து பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தார், யசோதினி ரீச்சர் செய்ய வேண்டியதச் சொன்னா, அரை மணித்தியாலத்தில கையெழுத்து வச்சு வலயத்துக்கு அனுப்பிட்டார். அந்தக் கோட்டத்தில ஒரு கடிதம் அரை மணித்தியாலத்தில மேல போனது அதுதான் முதல் தரம். வலயப் பணிப்பாளருக்கு ஒண்டும் ஆகல்ல, ஏனெண்டா கடிதம் அவர் ஊடாக இல்ல, அவருக்குத்தான். அவர் அதக் கோவையில குத்தி வச்சிட்டுச் சும்மா இரிந்தார். பத்து நாள் பாத்திட்டு சுலோஜனா மாகாணத்துக்கு ஒரு கடிதம் அடிப்பிச்சா. அடிச்ச தாளக் கவருக்குள்ள போடாமக் கையில பிடிச்சுக்கொண்டு வலயக் கந்தோருக்குப் போய், அந்த நல்ல கிளார்க்கிட்ட தலைப்ப மட்டும் காட்டினா. வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாக எண்டு கிடந்தது, பேரோட. கிளார்க் கதிரையப் பின்னுக்குத் தள்ளி எழும்பி, "அக்கா, அதத் தயவு செஞ்சு மடிச்சுப் பையில வைங்க, ஒரு அஞ்சு நிமிசம் தாங்க" எண்டு உள்ளுக்குப் போனார். நாலு நிமிசத்தில விசாரணைக் குழு நியமிச்ச கடிதத்தோட வந்தார், மை காயல்ல.

விசாரணை செப்டெம்பர் 18ந் திகதி. தங்கராசா சேர லீவில இருந்து கூப்பிட்டிரிந்தாங்க. அவர் தன்ட வழக்கமான கதிரையில, நேரசூசிக்குக் கீழ கிடந்த புத்தக றாக்கைக்கு முதுகு குடுத்து இரிந்தார், அகண்ட மனிசன், அவர் இரிந்தா பின்னால ஒண்டும் தெரியாது. விசாரணைக்கு வந்த மூண்டு பேரில மூத்தவர் ஒரு மெலிஞ்ச மனிசன், கண்ணாடி போட்டவர், கேள்விய எழுதி வச்சுக் கேட்டார். புரொஜெக்டர் எங்க எண்டு கேட்டார். அந்தப் புள்ள எடுத்தது, வித்திரிப்பாங்க எண்டு சேர் மேசைக்கு இங்கால மட்டும் கேக்கிற மாதிரி, ஊதல் கலந்த மெல்லிய குரலில சொன்னார். கண்டீங்களா எண்டு கேட்டார். காணாமல் எழுதுவனா எண்டார் சேர். மெலிஞ்ச மனிசன் பேனைய வச்சிட்டுக் கொஞ்சம் குனிஞ்சு சேர்ர வயித்துப் பக்கம் பாத்தார். அந்த ஏழாவது கிழமை மண்ணிறக் கவர் போன பெரிய ஓட்டைக்குள்ளால, றாக்கையிட கீழ்த்தட்டில, பழைய வினாத்தாள் கட்டுக்கு நடுவில, குனிஞ்சாத்தான் தெரியிற மாதிரி, வெள்ள நிறத்தில ஒரு பொட்டி தெரிஞ்சது. பொட்டியில பள்ளிக்கூடத்துப் பொருட்பதிவு இலக்கமும், நெக்டோ வழிஞ்ச கறையும். "அசையாதீங்க சேர்" எண்டார் மெலிஞ்ச மனிசன். "இலக்கத்த எழுதி முடிச்சுக்கொள்றன்." சேர் அசையல்ல. அந்தக் கதிரையில இரிந்த நாளெல்லாம் தன்ட உடம்பாலயே மறைச்சு வச்சிரிந்தத தன்ட உடம்பே காட்டிக் குடுத்தது அவருக்கு அந்த நேரம் விளங்கினதா இல்லையா எண்டு தெரியாது. லாச்சியத் திறந்து பதினொரு கடிதத்தையும் எடுத்து விசாரணைக் கோவையில கட்டி, அரக்கு வச்சுக் கொண்டு போனாங்க.

தீர்ப்பு ஒக்டோபர் பதினாறாந் திகதி வந்தது. லொக் புத்தகத்தில அந்த வரியச் சிவப்பு மையால வெட்டணும். புது விடுகைப் பத்திரம் குடுக்கணும். ஆனா அதுக்கு முன்னம், எழுதின அதிபரே காலைக்கூட்டத்தில எல்லாருக்கும் கேக்கத்தக்கதாக அத மறுத்து வாசிக்கணும், கேட்டது எண்டு விசாரணை அதிகாரி ஒப்பமிட்ட பிறகுதான் பத்திரம். இந்தக் கேக்கத்தக்கதாக எண்ட சொல்லில ஆரும் கவனம் வைக்கல்ல.

ஒக்டோபர் 21, திங்கக்கிழமை. கம்சாயினி டவுன் பள்ளிக்கூடத்துச் சீருடையோட வந்து பழைய மேடைக்கு முன்னால நிண்டா. தங்கராசா சேர் மைக்குக்கு முன்னால வந்து, தாளப் பிடிச்சு, வாயத் திறந்தார். உதடு அசைஞ்சது. சத்தம் வரல்ல. அவர் இழுத்த மூச்செல்லாம் தொண்டைக்கு வர முன்னம் பதினொரு ஓட்டையாலயும் வெளிய போயிட்டு, மைக்கில வாவிக் காத்து ஊதுற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பவும் முயற்சி பண்ணினார், அதே ஊதல். சின்னப் புள்ளைகள் சிரிச்சுதுகள். மெலிஞ்ச மனிசன் மணிக்கூட்டப் பாத்தார். "எனக்குக் கேக்கல்ல. கேக்கல்ல எண்டுதான் நான் எழுதணும்." ஒக்டோபர் 31க்கு இன்னும் பத்து நாள் கிடந்தது. பத்து நாளில ஓட்டை மூடப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும். சுலோஜனா குத்தின ஓட்டையே அவட மகள்ர பத்திரத்த மறிச்சுக்கொண்டு நிண்டது.

சுலோஜனா மேடைக்கு ஏறினா. கையில நௌஷாட் நானா கட்டித் தந்த பிளாஸ்டிக் பைல், அதுக்குள்ள ஒவ்வொரு கடிதத்திலயும் ஒரு பிரதி, அதே கவரில, அதே மடிப்பில. ஊரில ஆருக்கோ அவ அந்த மனிசன அடிக்கப் போறா எண்டு தோணி ரெண்டு பேர் முன்னுக்கு ஓடி வந்தாங்க. அவ அடிக்கல்ல. முதலாங் கடிதத்த எடுத்து, நெஞ்சில கிடந்த முதலாவது ஓட்டைக்குள்ள வச்சுத் தள்ளினா. அச்சொட்டா இறுகினது. ரெண்டாவத ரெண்டாவதுக்குள்ள. எந்தக் கிழமை எந்த ஓட்டை எண்டு அவவுக்கு யோசிக்கத் தேவப்படல்ல. சேர்ர முகத்துக்கும் அவட முகத்துக்கும் நடுவில ஒரு சாண் இடைவெளி கூட இல்ல.

"மெதுவா புள்ள" எண்டார் சேர், அஞ்சாவது கடிதத்தில சத்தம் கொஞ்சம் வந்திரிந்தது.

"மூச்ச இழுங்க சேர்" எண்டா சுலோஜனா. "இதுக்கு மேல மெதுவாத் தள்ளினா இறுகாது."

பெரிய மண்ணிறக் கவர வச்சு, உள்ளங்கையால, விரிப்பில சுருக்கம் எடுக்கிற மாதிரி ரெண்டு தரம் அழுத்தினா. பதினொண்டும் முடிய, இறங்காம, பக்கத்திலயே நிண்டா. தங்கராசா சேர் வாயத் திறந்தார். குரல் அவருக்கே திடுக்கிடுற மாதிரி பெரிசா வந்தது. சுதாகரன் கம்சாயினி களவெடுக்கல்ல. புரொஜெக்டரைக் கொண்டு போய்ப் பழுதாக்கினது நான். ஒளிச்சு வச்சதும் நான், பொய் எழுதினதும் நான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால வாவியில தோணி தள்ளிக்கொண்டு இரிந்த ஆக்களுக்கும் அது கேட்டது, ஒராள் துடுப்ப நிப்பாட்டிக் கையத் தூக்கிக் காட்டினார் எண்டு சொல்றாங்க. மெலிஞ்ச மனிசன் பேனைய எடுத்தார். அந்த நேரம் கீழ நிண்ட கம்சாயினி, அண்டைக்கு முதல் தரம் வாய் திறந்து, "திரும்பச் சொல்லச் சொல்லுங்கம்மா" எண்டா. "பின்னுக்கு நிக்கிற சின்னாக்களுக்குக் கேக்கல்ல." சின்னாக்களுக்குக் கேட்டதுதான். ஆனாலும் சேர் திரும்பச் சொன்னார். அவ இன்னொருக்கா எண்டா. மூண்டாந்தரமும் சொன்னார். மூண்டாந்தரம் முடிய அவ தலைய ஆட்டினா, விசாரணை அதிகாரி ஒப்பமிட்டார், யசோதினி ரீச்சர் புதுப் பத்திரத்தில நடத்தை மிக நன்று எண்டு எழுதிச் சீல் குத்தினா.

மறுகா சுலோஜனா கடிதங்களத் திரும்பக் கழட்டத் தொடங்கினா. அது அப்பிடியே கிடக்கட்டும் சுலோஜனா, மனிசன் பேசிக்கொள்ளட்டும் எண்டு யசோதினி ரீச்சர் கூடச் சொன்னா. "பிரதி எனக்கு வேணும் ரீச்சர்" எண்டா அவ. ஒவ்வொண்டா இழுத்து, கசங்கினத நிமித்தி, வரிசைப்படி பைலுக்குள்ள வச்சா. கடைசிக் கடிதம் வெளிய வர சேர் ஏதோ சொல்லிக்கொண்டு இரிந்தவர், அது பாதியில ஊதலாப் போச்சுது.

தங்கராசா சேர் 2025 மார்ச்சில ஓய்வு பெற்றார். இப்ப யசோதினி ரீச்சர்தான் அதிபர். சேர் அவவிட்ட வந்து, அந்தக் கடிதங்களுக்கு இப்பவாவது மேலனுப்பப்படுகிறது எண்டு எழுதலாமோ எண்டு தாளில எழுதிக் காட்டினார். ரீச்சர் சுற்றுநிருபத்தப் புரட்டிப் பாத்தா. ஓய்வு பெற்றவருக்குச் சீல் இல்ல, கடிதங்கள் விசாரணைக் கோவையில பூட்டுப்பட்டுக் கிடக்கு. ஒரு வழிதான் இரிக்கு, முறைப்பாட்டுக்காரர் தன்ட கையால முறைப்பாட்ட வாபஸ் வாங்குறன் எண்டு ஒரு வரி எழுதிக் குடுத்தா ஓட்டை எல்லாம் மூடும். ரீச்சர் அதச் சேருக்கும் சொன்னா, சுலோஜனாக்கும் சொன்னா.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு மாசமும் முதலாம் ஞாயிறு தங்கராசா சேர் ரெண்டு கட்டை தூரம் நடந்து சுலோஜனாட வளவுக்கு வாறார், சைக்கிள் ஓடினா மூச்சு வாங்குது. கம்சாயினி லீவுக்கு நிண்டா கதிரை எடுத்துப் போடுறா. சுலோஜனா சீனி போட்ட தேத்தண்ணி குடுக்கிறா. சேர் குடிச்சு முடிச்சு, தாளில எழுதிக் கொண்டு வந்த ஒரே ஒரு கேள்வியக் காட்டுறார். சுலோஜனா அத வாங்கி, ஒழுங்கா வாசிச்சு, யோசிக்கிறன் சேர் எண்டு சொல்லித் திருப்பிக் குடுக்கிறா. கோவமாச் சொல்றல்ல, ஆறுதலாத்தான் சொல்றா. யோசிக்கத் தொடங்கி பதினாலு மாசமாச்சு. நாய்கள் இப்ப குரைக்கிறதில்ல. ஒழுங்கையில ஊதல் சத்தம் கேட்டா ஆக்கள் வேலிக்கு மேலால எட்டிப் பாக்கிறதும் இல்ல, முதலாம் ஞாயிறு வந்திட்டு, தண்ணி பில் கட்டணும் எண்டு தங்களுக்குள்ள சொல்லிக்கொண்டு உள்ளுக்குப் போறாங்க.